மூத்தவளின் சொப்பு

வீட்டுக்கு இரண்டாவது குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்குப் பொறாமை வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். இது முழுவதும் சரியான அபிப்பிராயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறந்த குழந்தை தொட்டிலில் கிடக்கிறது. அழுகிறது, பால் குடிக்கிறது, தூங்குகிறது. அதனால் யாருடைய உடைமைக்கும் ஆபத்து இல்லை. மூத்த குழந்தை அதன் கையைத் தொட்டுப் பார்க்கிறது, தொட்டிலை ஆட்டுகிறது, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க தம்பி" என்று பெருமை பேசுகிறது. ஏழெட்டு மாத காலம் வீட்டில் சமாதானம் நிலவுகிறது. தகராறு ஆரம்பமாகும் நாள் குழந்தை பிறந்த நாள் அல்ல. அது தவழத் தொடங்கிய நாள்.

நம் நாடு உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது சராசரியாக எட்டரை மாதத்தில் கைகூடுகிறது. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் தவழாமலே நேராக எழுந்து நடந்துவிடுகிறார்களாம். அவர்களுடைய அண்ணன்மாரும் அக்காமாரும் சில வாரங்களாவது கூடுதலாக நிம்மதியாக இருந்திருப்பார்கள். இதே எட்டு மாதத்தையொட்டி இன்னொரு மாறுதலும் நடக்கிறது. ஜினீவாவில் வாழ்ந்த ழான் பியாஜே என்ற அறிஞர் தம் சொந்தக் குழந்தைகளைக் கவனித்து இதைக் கண்டு எழுதினார். அதற்கு முன்பெல்லாம் ஒரு பொருளைத் துணியால் மூடிவிட்டால் குழந்தை அதைத் தேடுவதில்லை. மறைந்தது மறைந்தது தான். எட்டு மாத வாக்கில் அது துணியை விலக்கித் தேட ஆரம்பித்துவிடுகிறது. ஆக, நகர்வதற்குக் காலும், நினைத்ததைத் தேடுவதற்கு ஞாபகமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முளைக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்தால் போதாதா, ஒரு ராஜ்யத்தைப் பிடிப்பதற்கு?

எட்டயபுரத்தில் என் தங்கை வீட்டில் இப்படி ஒரு ராஜ்யம் பிடிபடுவதை நான் பார்த்தேன். மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவனுக்கு ஒன்பதாவது மாதம். பெரியவளிடம் அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு ஒரு செட் இருக்கிறது. அடுப்பு, பானை, தோசைக்கல், குடம், அம்மி, திருகை எல்லாம் சிவப்பும் பச்சையுமாய் மினுமினுக்கும். அதையெல்லாம் ஓர் ஓலைக் கொட்டானில் போட்டுவைத்து, காலையிலும் மாலையிலும் தாழ்வாரத்தில் பரப்பிச் சமையல் செய்வாள். அன்றைக்கு அடுப்பில் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் என்றால் மணல்தான். சின்னவன் முற்றத்துப் பக்கமிருந்து தவழ்ந்து வந்தான். வந்த வேகத்தில் அடுப்பைச் சாய்த்தான். பானையைப் பிடித்தான். மணல் சிந்திவிட்டது. பானை வாய்க்குப் போயிற்று.

"ஆச்சி, இங்க பாருங்க, தம்பி எம் பானையை எடுத்துட்டான்!"

ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "எடுத்தா எடுத்துட்டுப் போறான். பச்சப்பிள்ளைக்கு என்ன தெரியும்? நீ மூத்தவள்லா? குடுத்துரு தாயி."

"அது எனக்குள்ளது ஆச்சி. மாமா வாங்கிக் குடுத்தது."

"இந்த வீட்டுல எனக்குள்ளது ஒனக்குள்ளதுன்னு ஒண்ணு உண்டா?"

சிறுமி பானையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். "எங் கண்ணுல்லா!" என்று ஆச்சி மெச்சிக்கொண்டாள். ஆனால் அந்தக் கண்ணு மெச்சுதலை வாங்கிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த சொப்புகளை ஒவ்வொன்றாகக் கொட்டானில் போட்டு, கொட்டானைப் பாவாடைக்குள் மறைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சமையல் அத்துடன் முடிந்துவிட்டது.

இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லா வீட்டிலும் நடப்பதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாம் அவளுக்குப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தோம் என்று நினைத்தோம். அவள் கற்றுக்கொண்டது என்ன? கொட்டானைப் பாவாடைக்குள் மறைக்கக் கற்றுக்கொண்டாள். நாம் கற்பித்ததற்கும் அவள் கற்றதற்கும் இடையில் இவ்வளவு தூரம் ஏன் விழுந்தது?

கொடுப்பது என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுப்பதற்கு ஒரு பொருள் வேண்டும். வாங்குகிறவன் ஒருவன் வேண்டும். இவை இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக ஒன்று வேண்டும். கொடுக்காமல் இருப்பதற்கும் கொடுக்கிறவனுக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில் பொருள் கை மாறும். ஆனால் தானம் நடக்காது. வழிப்பறிக்காரனிடம் பர்ஸை நீட்டுகிறவனைக் கொடையாளி என்று யாரும் சொல்லுவதில்லை. ஆச்சியை வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிடுவதாக நினைக்கக்கூடாது. ஆச்சி அன்பினால்தான் சொன்னாள். ஆனால் சிறுமியின் கையிலிருந்து பார்த்தால், பானை போன விதத்தில் வித்தியாசம் அதிகம் இல்லை. வழிப்பறிக்காரன் மெச்சமாட்டான், ஆச்சி மெச்சினாள். அவ்வளவுதான்.

இதை வெறும் வார்த்தை ஜாலம் என்று ஒதுக்க முடியாதபடி ஒரு பரிசோதனையும் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் அதை வெளியிட்டார்கள். மூன்று நாலு வயதுக் குழந்தைகளிடம் வருத்தமாய் இருக்கும் ஒரு பொம்மையைக் காட்டி, கையில் ஒட்டுப்படம் ஒன்றும் கொடுத்தார்கள். சில குழந்தைகளிடம், "இதை நீயே வைத்துக்கொள்ளலாம், அல்லது பொம்மைக்குக் கொடுக்கலாம், உன் இஷ்டம்" என்றார்கள். வேறு சில குழந்தைகளைக் கொடுக்கும்படி சொல்லிவிட்டார்கள். பிறகு எல்லோருக்கும் இன்னும் சில ஒட்டுப்படங்கள் கொடுத்து, இரண்டாவது பொம்மை ஒன்றையும் காட்டினார்கள். முதலில் தாமே தீர்மானித்துக் கொடுத்த குழந்தைகள் இரண்டாவது பொம்மைக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்த குழந்தைகள் அவ்வளவு கொடுக்கவில்லை. தானாகக் கொடுத்த குழந்தை, 'நான் கொடுக்கிறவள்' என்று தன்னைப்பற்றியே ஒரு செய்தியைத் தெரிந்துகொள்கிறது. சொன்னபடி கொடுத்த குழந்தை தெரிந்துகொள்வது, 'நான் சொன்னபடி செய்கிறவள்' என்பதை மட்டுமே.

ஆனால் ஆச்சியின் கட்சியை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவள் பேச்சில் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. வீடு என்பது கடைத்தெரு அல்ல. என்னுடையது, உன்னுடையது என்று கோடு கிழித்துக்கொண்டால் குடும்பம் எதற்கு? அந்தக் கோடுகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று எட்டயபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எட்டயபுரம் ஜமீன் பகுபடாத ஜமீன்களில் ஒன்று. மூத்தவனுக்கே முழுவதும், இளையவர்களுக்கு ஜீவனாம்சம். அப்படிப்பட்ட எஸ்டேட்டுகள் பிரியக்கூடாது என்று சென்னை மாகாணத்தில் 1904-இல் ஒரு சட்டமே செய்துவைத்தார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தாலும் ஒருவன் ராஜா. மற்றவன் ராஜாவின் தம்பி. இந்த அநியாயத்துக்குப் பெயர் வம்ச தர்மம். 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த ராஜாங்கங்களை முடித்துவைத்தது. அப்போது எந்த ஜமீன்தாரிடமும், "கொடுக்க உங்களுக்கு இஷ்டமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உழுகிறவன் இன்னும் காத்துக்கொண்டிருப்பான். அப்படியிருக்க, நாலு வயதுப் பெண்ணிடம் மட்டும் இஷ்டமா என்று கேட்க வேண்டும் என்பது என்ன தர்மம்? ஆச்சிக்குச் சட்டம் தெரிந்திருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பாள்.

ஆச்சிக்குச் சட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அவள் பேசியது விஞ்ஞானேசுவரர் பேசிய சட்டம். சுமார் 900 வருஷங்களுக்கு முன்னால், சாளுக்கியர்களின் கல்யாணி நகரத்தில் இருந்துகொண்டு யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு அவர் மிதாக்ஷரா என்ற உரையை எழுதினார். பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு என்பது அதன் முக்கியமான கொள்கை. தகப்பன் மனம் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அண்ணன் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்து முதல் அழுகையை அழுத அந்தக் க்ஷணத்தில் அண்ணனுடைய பங்கு தானாகவே குறைந்துவிடுகிறது. இந்த வீட்டில் எல்லாம் எல்லோருக்கும் உரியது என்று ஆச்சி சொன்னது இதைத்தான்.

ஆனால் அதே மிதாக்ஷராவில் இன்னொரு பாகமும் இருக்கிறது. பிதிரார்ஜிதம் வேறு, சுயார்ஜிதம் வேறு. பாட்டன் தேடியதில் எல்லோருக்கும் பங்கு. தன் கையால் தேடியதும், அன்பளிப்பாகத் தனக்கென்று வந்ததும் தனக்கே. இந்தப் பாகுபாட்டை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குத் திரும்பிப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது.

அந்த வீட்டில் பிதிரார்ஜிதம் எது? தாயின் மடி. தகப்பனின் தோள். ஆச்சியின் கதை. தொட்டில், ஊஞ்சல், முற்றம், இராத்திரி அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் இடம். இவை யாவும் நாலு வருஷம் அவள் ஒருத்திக்கே இருந்தன. தம்பி பிறந்த அன்றைக்கு, ஒருவரும் அவளைக் கேட்காமலே, இவற்றில் பாதிக்கு மேல் அவன் பங்குக்குப் போய்விட்டது. அது நியாயம்தான்; அவனுக்கு அது பிறப்புரிமை. அந்தப் பாகப்பிரிவினைக்கு அவள் ஆட்சேபம் சொல்லவில்லை. தொட்டிலை ஆட்டினாள், "எங்க தம்பி" என்றாள். ஏழெட்டு மாத காலம் வீட்டில் சமாதானம் நிலவியது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அந்தச் சமாதானத்தின் செலவை யார் ஏற்றுக்கொண்டது என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

அவளுக்கென்று எஞ்சியது ஓலைக் கொட்டானும் அதற்குள் கிடந்த மரச்சொப்பும்தான். அது அவளுடைய சுயார்ஜிதம். தவழ ஆரம்பித்தவன் கையை வைத்தது அதில். நாம் அப்போதுதான், "நீ எதையுமே பகிர்ந்துகொள்ள மாட்டாயா?" என்று கேட்கிறோம். வீட்டிலேயே பெரிய பொருளைப் பகிர்ந்து கொடுத்துவிட்ட ஒருத்தியைப் பார்த்து, மரப்பானைக்காகக் கருமி என்று சொல்லுகிறோம்.

ஜமீன் ஒழிப்பைப்பற்றிக் கேட்ட கேள்விக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. ஒருவனுக்குச் சேரவேண்டியதை இன்னொருவன் வைத்துக்கொண்டிருந்தால், வைத்திருப்பவனுடைய இஷ்டத்தைக் கேட்க வேண்டியதில்லை. எடுத்து உரியவனிடம் சேர்ப்பதற்குப் பெயர் நியாயம். தம்பிக்குப் பசி, பால் இருக்கிறது, அக்காள் அதைக் கட்டிக்கொண்டு தரமாட்டேன் என்றால், வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அங்கே அவள் அனுமதிக்கு இடமில்லை. ஆனால் ஒருவனுக்குச் சேரவேண்டியது அல்லாத ஒன்றை, உடையவன் மனம் உவந்து தருவது ஈகை. நியாயத்தைக் கட்டாயப்படுத்தலாம்; கட்டாயப்படுத்தவும் வேண்டும். ஈகையைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தின மாத்திரத்தில் அது வேறு ஏதோவாகிவிடுகிறது. வீடுகளில் நாம் செய்யும் குழப்பமெல்லாம், ஈகையை நியாயம்போலப் பிடுங்குவதும், நியாயத்தை ஈகைபோலக் கெஞ்சிக் கேட்பதும்தான்.

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். மூத்தது பையனாகவும் தவழ்வது பெண்ணாகவும் இருந்தால், ஆச்சி அதே வேகத்தில் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பாளா? "அவன் விளையாடுறதை ஏன் கலைக்கா, அவளைத் தூக்கு" என்றல்லவா சொல்லியிருப்பாள்? நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள்; ஆண் குழந்தை அதைக் காலால் சிதைக்க வருகிறது; சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுகிறார்கள். இந்தக் கரைக்கே உரிய திருச்செந்தூர் முருகன்மேல் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழிலும் அந்தப் பருவம் இருக்கிறது. வீட்டை இடிக்கிறவனைத் தெய்வமாக வைத்துப் பாடினாலும், பேசும் வாயைப் புலவர்கள் வீடு இழக்கிறவளுக்கே கொடுத்தார்கள். அந்த மட்டும் அவர்கள் நியாயஸ்தர்கள். நம் வீடுகளில் அவள் வாயையும் மூடிவிடுகிறோம்.

விளையாட்டோடு இது முடிந்துபோனால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பிறப்பினால் வரும் உரிமை என்று விஞ்ஞானேசுவரர் சொன்னது ஆண் பிள்ளைக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் 1989-இல் செய்த திருத்தம், அந்நாள்வரை மணமாகாதிருந்த பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்றது. 2005-இல் அந்த உரிமை தேசம் முழுவதிலும் பெண்களுக்கு வந்தது. தகப்பனார் 2005-க்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளுக்கு இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் ஏதாவது ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். அக்காள் தங்கைகள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். உண்மையாகவே மனம் உவந்து போடுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால், "பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக்கூடாதே" என்று பயந்து போடுகிறவர்கள் எத்தனை பேர்? அந்தப் பேனாவைப் பிடிக்கும் பயிற்சி எங்கே ஆரம்பித்தது? 'நீ மூத்தவள்லா, குடுத்துரு தாயி' என்று தாழ்வாரத்தில் ஒரு நாள் ஆரம்பித்ததுதான். மாட்டேன் என்று சொல்லவே கற்றுக்கொள்ளாதவள் சரி என்று சொன்னால், அந்தச் சரிக்கு என்ன பொருள்?

சரி, பெற்றவர்கள் என்னதான் செய்ய வேண்டும்? ஒரு பழம், இரண்டு பிள்ளைகள் என்ற சிக்கல் கைலாயத்திலேயே வந்திருக்கிறது. அங்கே பழத்தை வெட்டக்கூடாது என்றார்கள், போட்டி வைத்தார்கள், ஒரு பிள்ளை பழத்தோடு வீட்டில் இருந்தான், மற்றப் பிள்ளை கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய்விட்டான். நமக்கு ஒரு க்ஷேத்திரம் கிடைத்தது; அந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது என்று கதை சொல்லுகிறவர்கள் சொல்லுவதில்லை. பிள்ளைகளுக்குள் போட்டி வைத்துத் தீர்க்கும் வழியில் எப்போதும் ஒருவன் படி இறங்கிப் போகத்தான் நேரிடும்.

உலகத்துப் பொருள்களை இந்த விஷயத்தில் மூன்று விதமாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, உடைத்தால் பங்காகும் பொருள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இந்த ஜாதி. நொறுக்கினால் இரண்டு பேரும் தின்னலாம். எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினையின்போது மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். வைக்கிறவன் கை நேராக இருப்பதற்கு இதைவிடச் சிறந்த காவல் கிடையாது. கடலைமிட்டாயையும் அப்படியே பிரிக்கலாம். இரண்டாவது, உடைத்தால் இல்லாமல் போகும் பொருள். முத்தும் மரச்சொப்பும் இந்த ஜாதி. முத்தை இரண்டாக அறுத்தால் இரண்டு முத்து ஆவதில்லை. இங்கே பங்கு என்ற பேச்சே பொருந்தாது. ஒருவர் வைத்துக்கொள்ளலாம், மற்றவருக்கு இரவல் தரலாம், அல்லது முழுவதும் கொடுத்துவிடலாம். மூன்றாவது, கொடுத்தாலும் குறையாத பொருள். இதற்கு உதாரணம் தேடி எட்டயபுரத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர் எட்டயபுரத்தில்தான் 1835-இல் காலமானார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் இங்கே அரண்மனை வித்வானாக இருந்தார். பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீக்ஷிதர். பாட்டனாரே அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனைகள் இந்தக் குடும்பத்தின் சொத்து. அந்தக் காலத்து வித்வான்கள் பாட்டைக் காத்ததுபோல் பணத்தைக்கூடக் காக்கவில்லை. இருந்தும் சின்னசாமி முதலியார் என்ற சங்கீத அன்பர் தூண்ட, ஜமீன் செலவு செய்ய, சுப்பராம தீக்ஷிதர் அவற்றையெல்லாம் ஸ்வரப்படுத்தி, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலாக எட்டயபுரத்தில் இருந்த வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார். வருஷம் 1904. எஸ்டேட் பிரியக்கூடாது என்று சட்டம் செய்த அதே வருஷம். பிரிக்கக்கூடாது என்று பூட்டி வைத்த எஸ்டேட் அரை நூற்றாண்டுக்குள் போய்விட்டது. எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்த கீர்த்தனைகள் இன்னும் இருக்கின்றன. அச்சானதால் தீக்ஷிதர் குடும்பத்துக்கு ஒரு கீர்த்தனையாவது குறைந்ததா?

இந்த ஊரில் பிறந்த பாரதியாரின் கவிதைகளும் அப்படித்தான். அவற்றின் உரிமை அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பியான விசுவநாத ஐயர் முதலிய குடும்பத்தாரிடமும், ஒலிபரப்பும் உரிமை வேறொரு கையிலுமாக இருந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசாங்கம் அதைப் பெற்று, பிறகு ஜனங்களுக்கே பொதுவாக விட்டது. கவனியுங்கள்: இரண்டு விஷயத்திலும், முதலில் ஒருவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் கொடுப்பது நடந்தது.

நாலு வயதுக் குழந்தைக்குப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். உடைத்தால் கெடும் மரச்சொப்பில் ஆரம்பிக்கிறார்கள். குறையாத பொருளில் அல்லவா ஆரம்பிக்க வேண்டும்? ஒரு பாட்டு, ஒரு கைத்தட்டு, துணிக்குள் முகத்தை மறைத்து மறைத்துக் காட்டும் விளையாட்டு. தம்பியைச் சிரிக்க வைப்பதில் வீட்டிலேயே வல்லவர் அக்காள்தான். தாயும் தகப்பனும் எத்தனை கோமாளித்தனம் செய்தாலும் வராத சிரிப்பு அவளைக் கண்டதும் வரும். அவள் கொடுக்கிறவள்தான். நாம் மெச்ச வேண்டிய இடத்தில் மெச்சாமல், பிடுங்கின இடத்தில் மெச்சுகிறோம்.

என் தங்கை படித்தவள். ஆனால் தத்துவம் பேசமாட்டாள். அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். உள்ளறைக் கட்டிலுக்கு மேலே இருப்பது அக்காளுக்கு. தரையில் இருப்பது இரண்டு பேருக்கும் பொது. கட்டிலில் ஏறத் தம்பிக்கு இன்னும் முடியாது. "மேலே வெச்சுக்கிட்டா யாரும் கேக்கமாட்டாங்க, ஆச்சியும் கேக்கமாட்டாங்க" என்று மகளிடம் சொன்னாள். மாமியாரிடம், "அத்தை, கொஞ்ச நாளைக்கு அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். ஆச்சிக்கு மனம் இல்லைதான், ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

கொட்டான் கட்டிலுக்குப் போயிற்று. நாலு நாள் அவள் அங்கேயே சமைத்தாள். தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக் கத்தினான். ஐந்தாம் நாள் ஒரு குடம் மேலேயிருந்து கீழே வந்தது. "இந்தா, இது ஒனக்கு" என்றாள். ஆச்சி எடுத்துப் பார்த்துவிட்டு, "விளிம்பு ஒடைஞ்ச குடத்தைக் குடுத்திருக்கா பாரு, கள்ளி!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தங்கள் வீட்டில் பழம்புடவையையும் பழஞ்சோற்றையும் தர்மம் செய்கிறவர்கள் அவளைப் பார்த்து அதிகம் சிரிக்க முடியாது. ஈகை எல்லோருக்கும் உடைந்த குடத்தில்தான் ஆரம்பிக்கிறது. சுவிட்சர்லாந்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், மூன்று நாலு வயதில் பெரும்பாலோர் தமக்கே வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதில் பெரும்பாலோர் சமமாகப் பிரிக்கவே விரும்பினார்கள். நடுவில் நாலு வருஷம் இருக்கிறது. பொறுக்க முடியாதா?

கடைசியாகச் சின்னவனைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதுவரையில் அவனை வாங்குகிறவனாகவே வைத்துப் பேசிவிட்டேன். ஒரு வயதை நெருங்கும்போது எல்லாக் குழந்தைகளும் ஒரு காரியம் செய்யும். தன் வாயில் போட்டுச் சப்பிய ரொட்டித் துண்டை எடுத்து, எதிரில் இருப்பவர் வாய்க்கு நேராக நீட்டும். எச்சில் வடியும். வாங்கிக்கொண்டால் அதற்கு ஆனந்தம். இதைப் பார்த்துவிட்டு, மனிதன் பிறவியிலேயே கொடையாளி, 'என்னுடையது' என்ற எண்ணம் பிறகு வந்து கெடுத்துவிட்டது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னுடையது என்று அறியாமல் நீட்டும் கை அழகானது. ஆனால் அது எதையும் இழக்கவில்லை. என்னுடையது என்று அறிந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு நீட்டும் கைதான் எதையோ கடந்து வருகிறது. முன்னது பூ மலர்வதுபோல. பின்னது மனிதன் செய்யும் காரியம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் பாதை, 'எனக்குள்ளது' என்ற அந்தப் பிடிவாதமான வார்த்தையின் வழியாகத்தான் போகிறது. அதைச் சொல்லவிடாமல் தடுத்தால், குழந்தை பாதையின் நடுவிலேயே நின்றுவிடும்.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சுயநலத்துக்குச் சமாதானமாகச் சொல்லுவது வழக்கம். எனக்கு அதில் ஒரு மரியாதை தெரிகிறது. வேறு வாய், வேறு வயிறு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒரு வாய் இன்னொரு வாய்க்கு ஊட்ட முடியும். குழந்தையிடம் "கொடு" என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. "மாட்டேன்" என்று சொல்ல அதற்கும் பாத்தியதை உண்டு என்று முதலில் நாம் ஒப்புக்கொள்வோம். அந்த வீட்டில் என்றைக்காவது ஒரு நாள் அது கொடுத்தால், கொடுத்தது என்று சொல்லலாம்.